ஸ்டாக் ஸ்லெட், இடுப்பளவு பவுடர்: அப்படியே ஓட்டினால் போதுமா?

3 டிசம்பர் 2024 (எட்மன்டன் வாசகர் கேட்டது)

முதல் மலை ஸ்லெட் (மலைப்பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல்) வாங்கப் போகிறேன். 850 சிசி, நீள ட்ராக் (வண்டியை ஓட்டும் ரப்பர் பட்டை), இரண்டரை அங்குலப் பேடில் (அந்தப் பட்டையில் துருத்தி நிற்கும் விளிம்புகள்). விற்பவர் சொல்கிறார்: "இதை அப்படியே ரெவல்ஸ்டோக் மலைக்குக் கொண்டுபோனால் பவுடரில் (உதிரியான புதுப்பனியில்) மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கும். டர்போ கிட் போட்டுக்கொண்டு போ." எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் அந்தக் கருவிக்கு இன்னும் பல ஆயிரம் டாலர் ஆகும். ஸ்டாக்காக, அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்த மேனிக்கு ஓட்டுபவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

3 டிசம்பர் 2024, இரவு

விற்பவர் விற்கத்தான் பார்ப்பார். டர்போ கிட் வேண்டாம். இரண்டு சீசன் முடியட்டும், அப்புறம் யோசியுங்கள்.

நான் கால்கரியிலிருந்து ஆறு குளிர்காலமாக அந்தப் பக்கம் போய் வருகிறேன். என்னுடையதும் 850தான், டூ ஸ்ட்ரோக், டர்போ கிடையாது, போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ட்ராக் 154 அல்லது 155 அங்குலம். சரியான எண்ணைச் சொன்னால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும், உடனே ஸ்கீ-டூ கட்சிக்காரர்களும் போலாரிஸ் கட்சிக்காரர்களும் இங்கே பந்தல் போட்டு மைக் கட்டிவிடுவார்கள். அதனால் சொல்ல மாட்டேன்.

ஒரு கணக்கு. 154 அங்குலம் என்பது ட்ராக்கின் முழுச் சுற்றளவு. அதில் பனியைத் தொடுவது ஏறக்குறைய 1.4 மீட்டர். அகலம் 38 சென்டிமீட்டர். பெட்ரோலோடு வண்டி 250 கிலோ, உடுப்பு பையோடு நான் 100 கிலோ. முன்னால் இருக்கும் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 66 கிராம்தான் அழுத்தம். அதே நான் இறங்கி ஒற்றைக் காலை ஊன்றினால் 330 கிராம், ஐந்து மடங்கு. வண்டி முழங்கால் ஆழத்தில் நிற்கும் இடத்தில் கீழே குதித்தவன் தொடை வரை போவது இதனால்தான். மிதக்கிற வேலையை வண்டி பிறவியிலேயே கற்றுக்கொண்டு வருகிறது. விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

4 டிசம்பர் 2024

"அப்படியானால் கெட்டிப் பாதையில் ஓட்டுகிற 129 அங்குல ட்ரெயில் ஸ்லெட்டே போதுமே, அதுவும் ஸ்டாக்தானே?" என்று ஒருவர் தனிச் செய்தியில் மடக்கப் பார்த்தார். ஐயா, அது வேறு ஜாதி வண்டி. அதன் பேடில் ஒன்றேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம். மலை ஸ்லெட்டில் இரண்டரை முதல் மூன்று அங்குலம். என் வண்டியோடு அதை ஒப்பிடுவது தார் ரோட்டு டயரை கேஜ் வீலோடு ஒப்பிடுகிற மாதிரி.

கேஜ் வீல் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். தொளி உழவுக்கு டிராக்டரை வயலில் இறக்கும்போது கேஜ் வீல் மாட்டுவார்கள். ரப்பர் டயரை மட்டும் நம்பினால் சேற்றில் வழுக்கும். கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் சேற்றை வாரிப் பின்னால் தள்ளும், வண்டி முன்னால் போகும். ட்ராக்கின் பேடில் செய்வதும் அதுதான். பவுடரில் பிடித்துக்கொள்ளக் கெட்டித் தரை எதுவும் இல்லை. பனியை அள்ளி எறிகிற வேகத்தில்தான் நீங்கள் முன்னால் போகிறீர்கள். ஏறக்குறைய படகு.

இன்னொன்றும் அந்த வயலில் பார்த்ததுதான். டிராக்டர் புதைந்ததும் புது ஆள் ஆக்சிலரேட்டரை மிதிப்பான். சக்கரம் சுற்றும், குழி ஆழமாகும், அச்சு வரை இறங்கிவிடும். பழகிய டிரைவர் உடனே கியரை விட்டுவிட்டு இறங்கி வருவார். பவுடரில் இதற்கு ட்ரெஞ்சிங் என்று பெயர். புது ஆள் செய்வதில் மட்டும் மாற்றமில்லை.

8 டிசம்பர் 2024

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "போதும்" என்று சொன்னேனே தவிர எவ்வளவு பனிக்குப் போதும் என்று சொல்லவில்லை. தப்பு.

30 சென்டிமீட்டர் புதுப்பனி, அடியில் கெட்டியான பழைய பனி. இதில் எந்த ஸ்டாக் மலை ஸ்லெட்டும் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு ஓடும். 50, 60 சென்டிமீட்டர் என்றால் ஓட்டுபவரைப் பொறுத்தது. ஒரு மீட்டரை நெருங்கி அடியிலும் பிடிப்பில்லை என்றால் ஸ்டாக் வண்டியின் எல்லை தெரிய ஆரம்பிக்கும். ஏறும்போதுதான் தெரியும். சமதளத்தில் வேகம் இருந்தால் மிதந்துகொண்டே போகலாம், நிறுத்தினால்தான் வம்பு.

ஆழம் மட்டுமில்லை. கடலோர மலைகளில் விழுவது ஈரம் கலந்த கனத்த பனி. ஊரார் அதை சிமெண்ட் என்பார்கள். ரெவல்ஸ்டோக் உள்நாட்டில் இருப்பதால் இலேசாக இருக்கும், ஆனால் வயோமிங் பக்கத்து உலர்ந்த தூள் அளவுக்கு இலேசில்லை. கன மீட்டருக்கு 60 கிலோ பனியும் 120 கிலோ பனியும் டேப்பில் ஒரே ஆழம் காட்டும். வண்டிக்கு அவை இரண்டு வேறு பொருட்கள். இலேசான பனியில் பேடிலுக்கு அள்ள ஒன்றும் இருக்காது, கனத்ததில் ஸ்கீ முக்கும்.

அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ரெவல்ஸ்டோக் அருகே உள்ள கோப்லேண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் மட்டும் 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது, கனடாவின் சாதனை. மன்னார்குடிப் பெரிய கோயிலின் உள்கோபுரங்கள் சிலவற்றை மூடிவிடலாம்.

29 டிசம்பர் 2024

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நான்கு பேர் போனோம். இரண்டு நாள் விடாமல் கொட்டியிருந்தது. மேலே மரக்கோடு தாண்டியதும் ஹேண்டில்பார் உயரத்துக்குப் பனி தெறிக்கிறது, கண்ணாடி முழுக்க வெள்ளை, வாயைத் திறந்தால் பனி தின்னலாம். முதல் அரைமணி நேரம் சொர்க்கம்.

அப்புறம் ஒரு சாய்வு. பெரிதொன்றுமில்லை, மற்ற மூவரும் ஏறிவிட்டார்கள். நான் பாதியில் நின்றேன். திரும்பி வந்து மறுபடி போனேன், முன்னைவிட ஐந்து மீட்டர் கீழேயே நின்றேன். மூன்றாம் முறை முழு த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொடுத்தேன். பின்பக்கம் கீழே இறங்கியது, ஸ்கீ இரண்டும் வானத்தைப் பார்த்தன, நானே தோண்டிய பள்ளத்துக்குள் நானே உட்கார்ந்திருந்தேன். எடுக்க இருபத்தைந்து நிமிடம். அன்றைக்கு ஏழு முறை தோண்டினேன். வீட்டில் பாத்ரூம் கட்டக் கொத்தனார் கூட இவ்வளவு தோண்டவில்லை.

மீட்டரில் ஒன்று கவனித்தேன். முழு த்ராட்டிலில் 7,500 ஆர்பிஎம்தான் வந்தது. இந்த எஞ்சின் 8,000ஐ ஒட்டி நிற்க வேண்டும். சரி, உயரம் அதிகம், பனி கனம், அதனால் மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். 35 லிட்டர் சொச்சம் பெட்ரோல் 60 கிலோமீட்டரில் காலி. பெல்ட் ரப்பர் வாடை அடித்தது.

ஆகவே எட்மன்டன் தம்பி, உங்கள் விற்பவர் சொன்னது அவ்வளவு பொய்யில்லையோ என்று தோன்றுகிறது. மோட்டலில் படுத்துக்கொண்டு நானே டர்போ கிட் விலை பார்த்தேன். இதை என் மனைவி படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

30 டிசம்பர் 2024

படித்துவிட்டாள்.

5 ஜனவரி 2025

மேலே 29ஆம் தேதி எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். வண்டி சரியாக இருக்கிறது. வண்டி இருக்கும் இடம்தான் சரியில்லை. விளக்குகிறேன்.

கூட வந்தவர்களில் ஒருவர் டீசல் மெக்கானிக். 7,500 என்று நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "இதை முதலில் வாங்கியவர் எந்த ஊர்?" என்று கேட்டார். மனிடோபா. தரையோடு தரையாக இருக்கிற ஊர். முன்பக்க க்ளட்ச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தாழ்வான ஊருக்குப் போடுகிற கனத்த எடைகள்.

க்ளட்ச் என்றதும் கார் க்ளட்ச்சை நினைக்க வேண்டாம். ஊரில் ஆக்டிவா ஓட்டியிருப்பீர்கள், அதே சங்கதி. ஆக்டிவாவின் வேரியேட்டருக்குள் சின்ன ரோலர்கள் இருக்கும், எஞ்சின் சுற்றச் சுற்ற அவை வெளியே ஓடிப் பெல்ட்டைப் பிதுக்கும், கியர் தானாக மாறும். ஸ்லெட்டில் ரோலருக்குப் பதில் பெரும்பாலும் ஆடும் எடைகள். எடை கனமாக இருந்தால் சீக்கிரமே பெரிய கியருக்குப் போய்விடும், எஞ்சின் சுமை தாங்காமல் சுற்று குறையும்.

இப்போது மலையைச் சேருங்கள். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 3 சதவீத சக்தி போகும், காற்று மெலிவதால். 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். 165 குதிரைத்திறன் வண்டியில் 130 சொச்சம்தான் மிச்சம். அந்த மெலிந்த எஞ்சினிடம் மனிடோபா எடையைச் சுழற்றச் சொன்னால் 8,000 எப்படி வரும்? டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு தொல்லை, உச்ச சக்தி ஒரு குறுகிய இடத்தில்தான் இருக்கும். 500 சுற்று கீழே வந்தால் சும்மா கொஞ்சம் குறையாது, பொத்தென்று விழும். ஏற்கனவே ஐந்தில் ஒன்று போன வண்டியில் இன்னொரு பங்கை நான் என் கையாலேயே தொலைத்திருக்கிறேன்.

இலேசான எடைகள் வாங்கிப் போட்டோம். ஒவ்வொன்றும் சில கிராம்தான் வித்தியாசம். டர்போ கிட் விலையில் அது டீச்செலவு.

அப்படியானால் ஸ்டாக் என்றால் என்ன? நாங்கள் கை வைக்கும்வரை என் வண்டியில் யாரும் எதையும் மாற்றவில்லை, மனிடோபாவுக்கு அது ஸ்டாக்தான். ரெவல்ஸ்டோக்குக்கு அது ஸ்டாக் இல்லை. தம்பி, விற்பவரிடம் டர்போ பற்றிக் கேட்காதீர்கள். "இது எந்த உயரத்துக்கு செட் பண்ணியது?" என்று கேளுங்கள்.

6 ஜனவரி 2025

எடையைக் குறைத்தால் சக்தி கூடுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கூடாது. எஞ்சினிடம் இருப்பதை முழுதாக வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இலேசாக்குவதற்கும் எல்லை உண்டு. மலைக்குப் போட்ட எடையோடு தாழ்வான ஊரில் முழு த்ராட்டில் கொடுத்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். மனிடோபாக்காரர் ஓட்டிய எடை அவர் ஊருக்குச் சரி.

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம்: ஸ்கீ-டூவின் முன் க்ளட்ச்சில் கழற்றாமலே திருகி அட்ஜஸ்ட் செய்ய ஒரு க்ளிக்கர் உண்டு. எல்லாவற்றுக்கும் எடை மாற்ற வேண்டியதில்லை, ஓரளவு வித்தியாசத்தை அதிலேயே சரிக்கட்டலாம். இதைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. (இப்போது என்னுடையது எது, எது இல்லை என்று துப்பறிய ஆரம்பிக்காதீர்கள்.)

19 ஜனவரி 2025

புதுப்பனியே இல்லை. வானம் நீலமாக, மேலே எல்லாம் கட்டாந்தரை. போனது வீண்.

ஆனால் ஸ்டாக் வண்டியின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். இந்த வண்டிகளுக்குக் கார் போல ரேடியேட்டர் கிடையாது. இருக்கைக்குக் கீழே, ட்ராக்கின் மேல் மூடியிருக்கும் டனலின் உட்புறத்தில் குளிர்விப்பான் ஓடுகிறது. ட்ராக் அடிக்கிற பனி அதன்மேல் பட்டு உருகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். பவுடரில் கவலையே இல்லை, பனி மழையாக அடிக்கும். மேலே போகும் ட்ரெயில் இறுகிப் பனிக்கட்டியாகக் கிடந்தால் அடிக்க ஒன்றும் இல்லை, வெப்ப ஊசி ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஸ்கிராட்சர் என்று வளைந்த கம்பிகள் இருக்கின்றன. இறக்கிவிட்டால் தரையைக் கீறிப் பனித்தூளை ட்ராக்குக்குள் எறியும். என் வண்டியோடு அவை வரவில்லை. தனியாக வாங்கினேன். டர்போவுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான் என்பேன். ஆழப் பனிக்குப் போகும் பாதை பாதி நாள் கெட்டிப் பனிதான்.

திரும்பும்போது ரோஜர்ஸ் கணவாயில் பழைய நினைவு. ஒருமுறை ரோட்டை மூடிவிட்டு வரிசையாகக் கார்களை நிறுத்திவைத்திருந்தார்கள். தூரத்தில் "டும்" என்று சத்தம். என் பையன், அப்போது ஆறு வயது, "அப்பா, தீபாவளியா?" என்றான். ராணுவம் பீரங்கியால் மலையைச் சுட்டுப் பனிச்சரிவை முன்கூட்டியே இறக்குகிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து வருடாவருடம் நடக்கிறது, 105 மில்லிமீட்டர் பீரங்கி. நெடுஞ்சாலையைக் காக்க பீரங்கி தேவைப்படுகிற மலைக்குத்தான் நாம் பொழுதுபோக்குக்குப் போகிறோம்.

அந்தக் கணவாய் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, அங்கே ஸ்லெட் இறக்கக் கூடாது. ட்ரெய்லரோடு போகிறவர்கள் "இங்கேயே எவ்வளவு பனி!" என்று சபலப்பட வேண்டாம்.

2 பிப்ரவரி 2025

"2020 மாடலிலேயே ஸ்கீ-டூ டர்போ வைத்த டூ ஸ்ட்ரோக் விற்க ஆரம்பித்துவிட்டதே, அதுவும் ஸ்டாக்தானே?" என்று சரியான இடத்தில் அடித்தார் வான்கூவர்காரர் ஒருவர்.

ஆமாம். 8,000 அடி வரை 165 குதிரைத்திறனைக் குறையாமல் தருவதாகச் சொல்லி விற்றார்கள். 2022 மாடலில் போலாரிஸும் தன் டர்போவைக் கொண்டுவந்தது. தொழிற்சாலை டர்போவும் வெளியில் வாங்கி மாட்டுகிற கிட்டும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தொழிற்சாலை வண்டியில் எரிபொருள், க்ளட்ச், உயரம் எல்லாம் சேர்த்து யோசித்திருப்பார்கள், வாரண்டியும் உண்டு. கிட் போட்டால் அந்த யோசனை முழுக்க உங்கள் தலையில். காசு இருந்து, மலை பழகிய பிறகு தொழிற்சாலை டர்போ வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன். பொறாமைப்படுவேன்.

அதே மூச்சில் "யமஹா மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஸ்னோமொபைல் தொழிலை விட்டு வெளியேறுவதாக அவர்கள் 2023இலேயே அறிவித்துவிட்டார்கள். மலிவின் காரணம் அதுவாக இருக்கலாம். பாகம் கிடைக்கும் ஊரில் இருந்தால் வாங்குங்கள். எனக்கு இதற்கு மேல் கருத்தில்லை.

18 பிப்ரவரி 2025

ஃபேமிலி டே நீண்ட விடுமுறை. புது எடை போட்டபின் முதல் நிஜமான பவுடர்.

8,000 வந்தது. டிசம்பரில் நான் பாதியில் நின்ற அதே சாய்வில் முதல் முயற்சியிலேயே ஏறினேன். மேலே போய் ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டேன். அதே வண்டி, அதே ட்ராக், அதே குண்டு ஆள்.

ஆனால், இதையும் சொல்லிவிட வேண்டும், அப்போதும் இரண்டு இடத்தில் ட்ரெஞ்ச் போட்டது. ஆர்பிஎம் சரியாக இருந்தும் பின்பக்கம் இறங்கியது. மெக்கானிக் நண்பர் வண்டியைச் சுற்றி வந்து டனலின் பின்முனையைக் காட்டினார். பத்து லிட்டர் பெட்ரோல் கேன், அதன்மேல் பை, பைக்குள் மதியச் சாப்பாடு, ஃப்ளாஸ்க், கோடாரி, என்ன இல்லை? பஸ் கூரையில் மூட்டை ஏற்றுகிற மாதிரி ஏற்றியிருக்கிறேன். பாரம் முழுக்க கடைக்கோடியில். ஏறும்போது ஏற்கனவே எடை பின்னால் சாய்கிறது, நான் அதற்கு மேலும் கட்டி இழுக்கிறேன்.

கேனை எடுத்தோம். பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) கூட்டினோம், நான் உட்கார்ந்தால் வண்டி பின்பக்கம் குந்தாத அளவுக்கு. லிமிட்டர் ஸ்ட்ராப்பையும் ஒரு துளை இறுக்கிப் பார்த்தேன். அது முன்பக்கம் தூக்குவதைக் கட்டுப்படுத்துகிறது, செங்குத்தில் ஸ்கீ கீழே இருந்தது. ஆனால் சமதளப் பவுடரில் மூக்கு மேலே வரத் தயங்கியது. சாயங்காலம் பழைய துளைக்கே மாற்றினேன். அந்த விஷயத்தில் தொழிற்சாலைக்காரர்கள் என்னைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் செலவு ஒரு ஸ்பேனர்.

19 பிப்ரவரி 2025

165 அங்குல ட்ராக் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. கூட வந்தவரில் ஒருவரிடம் அது இருக்கிறது. பேடில் மூன்று அங்குலம். இரண்டு ஓட்டம் மாற்றி ஓட்டினோம்.

11 அங்குலம் கூடுதல் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். ட்ராக் ஒரு வளையம், பாதிதான் தரையில் வரும். தரையில் கிடைப்பது 14 சென்டிமீட்டர், பத்து சதவீதம். அந்தப் பத்து சதவீதம் எங்கே தெரிந்தது என்றால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது. என் வண்டி கிளம்பும்போது ஒருமுறை முக்கிவிட்டுத்தான் மேலே வரும். அது முக்காமல் வந்தது. ஏறும்போதும் அவசரமில்லாமல் ஏறுகிறது.

மரங்களுக்கு நடுவே நுழைந்ததும் கதை மாறியது. அதைத் திருப்புவதற்குள் எனக்கு இடுப்பு கழன்றது. என் வண்டி குட்டி ஆடு மாதிரித் திரும்பும், அது எருமை. மரக்காட்டில் விளையாட ஆசை இருப்பவர் நீளத்துக்குப் போக வேண்டாம். திறந்த மேட்டில் ஏறுவதுதான் குறி என்றால், 95 கிலோவுக்கு மேல் இருந்தால், போகலாம். நான் அந்த எடைக்கு வெகு அருகில் இருக்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2 மார்ச் 2025

ஹை-மார்க்கிங் பற்றி உற்சாகமாக எழுதிய இளைஞருக்கு. யார் அதிக உயரம் ஏறுகிறார் என்று ஒரே சரிவில் மாறி மாறி ஏறுவது. நானும் செய்திருக்கிறேன், அதனால் உபதேசம் இல்லை, ஒரே ஒரு செய்தி.

2010 மார்ச் 13. ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலை. பெரிய கூட்டம் கூடி ஏறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மேலே பனி அறுந்து கூட்டத்தின்மேலேயே வந்தது. இருவர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் முப்பது பேர் வரை. அந்தச் சரிவுக்கு உள்ளூரில் டர்போ ஹில் என்று பெயர்.

இந்த இழையில் டர்போ, 165, எடை என்று நாம் பேசுவதெல்லாம் இன்னும் உயரமாக, இன்னும் செங்குத்தாக ஏறத்தான். ஸ்டாக் வண்டி ஏற மறுத்த இடங்களில் சிலது எனக்கு நல்லதே செய்திருக்கும். ட்ரான்ஸீவர் (புதைந்தவரைத் தேடும் ரேடியோக் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் உடம்பில் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. வண்டியும் நீங்களும் தனித்தனியாகப் புதையலாம். சரிவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் உதவிக்கு இன்னொரு வண்டி ஏறக் கூடாது. பனிச்சரிவு எச்சரிக்கை தருகிற அவலாஞ்ச் கனடாவின் அன்றைய நிலவரத்தைக் காலையில் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். அவர்கள் அலுவலகமே ரெவல்ஸ்டோக்கில்தான் இருக்கிறது.

9 மார்ச் 2025

எட்மன்டன் தம்பி வாங்கிவிட்டார்! டர்போ கிட் இல்லாமல். "எந்த உயரத்துக்கு செட் பண்ணியது?" என்று கேட்டதும் விற்பவர் முகம் மாறியதாம். முதல் பயணத்தில் பதினோரு முறை புதைந்ததாக எழுதியிருக்கிறார். வாழ்த்துகள், என் ஏழு முறைச் சாதனையை முறியடித்துவிட்டார்.

எடுப்பது எப்படி என்று கேட்டதற்கு: முதலில் த்ராட்டிலிலிருந்து கையை எடுங்கள். ட்ராக் சுற்றியும் நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியிலேயே. ஸ்டாக் வண்டியோ டர்போவோ, அதற்கு மேல் கொடுப்பது குழிக்குத்தான் போகும். எஞ்சினை அணையுங்கள். ஸ்கீக்கு முன்னால் உள்ள பனியை மிதித்துப் பாதை போடுங்கள். பக்கங்களில் கால் வைக்கும் பலகையின் மேலிருக்கும் பனியைத் தள்ளுங்கள், அதற்குக் கீழிருப்பதையும் தோண்டுங்கள், வண்டியைத் தாங்கி நிறுத்தியிருப்பது பல சமயம் அதுதான். சரிவாக இருந்தால் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் குழியை நிரப்பி, மூக்கைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். கீழ்நோக்கி எந்த வண்டியும் போகும். ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். வியர்த்த உடுப்போடு அவசரப்பட்டால் ஒரு மணி நேரத்தில் நடுங்குவீர்கள்.

எஞ்சின் திடீரென்று மூச்சடைத்தது என்று எழுதியிருக்கிறார். க்ளட்ச்சைச் சந்தேகப்படும் முன் காற்று உள்ளே போகும் வலைகளைப் பாருங்கள். ஆழப் பனியில் அவை மெழுகியது மாதிரி அடைத்துக்கொள்ளும். கையுறையால் ஒரு துடைப்பு.

நின்றுகொண்டு ஓட்டுகிறீர்களா? உட்கார்ந்து ஓட்டினால் பவுடரில் அந்த வண்டி மூட்டைதான். பக்கச் சாய்வில் போகும்போது மேட்டுப்பக்கப் பலகையில் நின்று, ஹேண்டில்பாரைப் பள்ளத்துப் பக்கம் திருப்புங்கள். ஆமாம், எதிர்ப்பக்கம்தான். வண்டி மேட்டின்மேல் சாய்ந்து ஒரே விளிம்பில் போகும். எனக்கு இது பிடிபட இரண்டு சீசன் ஆயிற்று. எட்டு வயதில் இங்கே தொடங்கிய பிள்ளைகள் பழைய 600 சிசி வண்டியில் என்னைத் தாண்டிப் போய்க் கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

6 ஏப்ரல் 2025

சீசன் முடிந்தது. கீழே எல்லாம் சேறு. பெட்ரோலில் ஸ்டெபிலைசர் ஊற்றினேன், பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன், காற்றுக் குழாய் வாயில் துணி அடைத்தேன். போன கோடையில் ஒரு எலி அங்கே குடும்பம் நடத்தியது, குஞ்சுகளோடு.

அந்த மனிடோபா எடைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. நல்ல நிலைமை. வின்னிபெக் பக்கம் யாராவது இருந்தால் தபால் செலவை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கம்பெனி வண்டிக்குப் பொருந்தும் என்பதைத் தனிச் செய்தியில் சொல்கிறேன்.